மேகத்துக்குள் நின்று தள்ளியவர்கள்

விட்பி போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"பிளேன் ஆகாயத்தில நிண்டிட்டுது அக்கா. எல்லாரும் இறங்கித் தள்ளினவை" என்றாள் இளையவள்.

நான் புத்தகத்தை மூடினேன். இனி அதில் என்ன இருக்கப்போகிறது?

"எங்கையடி?" என்றார் மற்றவர்.

"ரீவியில. பிரிட்டிஷ்காரரின்ர சிரிப்புப் பகிடி நாடகம். கோட்டும் ரையும் போட்டபடி மேகத்துக்குள்ள நிண்டு தள்ளுகினம். ஹோஸ்டஸ் அவைக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்கிறா. ஒருத்தரின்ர முகத்திலயும் சிரிப்பில்லை. பைலட் ஜன்னலால தலையை நீட்டி, 'இன்னும் கொஞ்சம்' எண்டு சொல்லுறான். என்ன நடிப்பு அக்கா!"

"உன்ர மனுசனும் பாத்தவரோ? பிளேன் எண்டாலே நடுங்குவாரே."

"கண்ணில தண்ணி வரச் சிரிச்சவர். கடல் தாண்டி லண்டனில நடக்கிற என்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்கு வரவேமாட்டன் எண்டு நிண்ட மனுசன், இப்ப வாறாராம்."

"பயம் போயிட்டுதோ?"

"எங்க போனது! செருப்போட மட்டும் ஏறமாட்டாராம். வழியில இறங்கித் தள்ளேக்க கழண்டிடுமாம். நேற்று ஒரு சோடி சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தவர்."

"தனக்கு மட்டுமோ?"

இளையவள் வெட்கத்தோடு காலை முன்னுக்கு நீட்டிக் காட்டினாள். புத்தம் புதுச் சப்பாத்து, நாடா இரட்டை முடிச்சோடு.