ஆள் மாறி விழுந்த அடி

என் பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பது சரி. எனக்கு வயது நாற்பது. விவாகரத்து ஆனவள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோடும் என் தாயாரோடும், கூடப்பிறந்த அண்ணனின் வீட்டு மாடியில் குடியிருந்து வருகிறேன். தண்ணீர் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளராக இருக்கிறேன். அதே தொழிற்சாலையில் என் அண்ணன் கணக்குப் பிரிவின் தலைவர். விவாகரத்துக்குப் பிறகு என்னை அங்கே சேர்த்துவிட்டவர் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. மறக்க அவர் விட்டதும் இல்லை.

சேர்ந்தபோது ஆர்டர் தட்டச்சு செய்யும் வேலைதான் கொடுத்தார்கள். அதன் பிறகு படிப்படியாக, வார்ப்படம், பேரிங், செம்புக்கம்பி, ரப்பர் சீல் என்று ஒரு பம்புக்குள் போகும் எந்தப் பொருளும் என் கையெழுத்து இல்லாமல் வாசலைத் தாண்டி உள்ளே வராது என்ற நிலைக்கு வந்தேன். யாரிடம் வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது, தரம் குறைந்தால் எந்த லாரியைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்வது என் வேலை. எங்களுக்கு வார்ப்படம் கொடுத்துவந்த பட்டறை தீப்பிடித்து மூடப்பட்டபோது, ஊர் ஊராக அலைந்து வேறு பட்டறை பிடித்து உற்பத்தி நிற்காமல் பார்த்துக்கொண்டேன். தொழிலாளர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் நட்டு மேடம். நட்டு கழன்ற மேடம் என்று சொல்லாதவரை எனக்கு அதில் வருத்தமில்லை.

என் தாயாருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். கூட்டிச் செல்வது நான். வேலைக்கு முன்போ பின்போ நேரம் வாங்கிக்கொண்டு, ரத்தம் சுத்தமாகி முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் வெளிநாட்டு வேலைக்கான மொழித் தேர்வுக்குப் படித்தேன். கொள்முதல் மேலாளர்களுக்கு அங்கே ஆள் பற்றாக்குறை என்றும், திறன் அடிப்படையில் குடும்பத்தோடு குடியேறலாம் என்றும் பேரிங் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தேர்வில் தேறிய பிறகு அங்குள்ள ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் வழியாக என்னை நேர்காணல் செய்தது. மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். ஒருவர்கூட என் கணவர் என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை. வேலை கிடைத்தது.

அதன் பிறகு, சாப்பிடும்போது வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மகளை உடன் அழைத்துப் போவதாகவும், தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்ல காரும் கூடவே இருக்க ஒரு பெண்ணும் என் சம்பளத்திலேயே ஏற்பாடு செய்வதாகவும் சொன்னேன். அண்ணன், "நல்ல விஷயம் பாப்பா" என்றார். எனக்கு நாற்பது வயதானாலும் அவருக்கு நான் பாப்பாதான். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவ என்ன பண்றது?" என்று கேட்டார். என் தாயார், "நான் என்ன மூட்டையாடா, என்ன பண்றதுன்னு கேக்க? அவ போகட்டும். ஆஸ்பத்திரிக்கு என்னை நீ கூட்டிட்டுப் போ" என்றார். அண்ணன் கை கழுவ எழுந்து போனார். அண்ணி என்னைப் பார்க்காமல் பாத்திரங்களை எடுத்து வைத்தார்.

விசாவுக்கு, நான் இன்ன பதவியில் இன்ன வேலை செய்கிறேன் என்று முதலாளியின் சான்றிதழ் தேவைப்பட்டது. நான் பலமுறை கேட்டு நடந்த பிறகு முதலாளி கையெழுத்துப் போட்டார். போடும்போது, "வலது கையை வெட்டிக் குடுக்கச் சொல்றியேம்மா. அப்புறம் உங்க அண்ணனை வச்சுக்கிட்டு நான் எல்லாத்தையும் இடது கையாலதான் பண்ணணும்" என்று சிரித்தார். முகம் மட்டும் சிரிக்கவில்லை. அவர்மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது அங்கேதான்.

அதன் பிறகு சில வாரங்கள் கழித்து விசா மறுக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. அதை முதலில் படித்தவள் என் மகள். சான்றிதழில் உள்ள விவரம் உண்மையா என்று எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டதாகவும், நான் மேலாளர் அல்ல, எழுத்தர் என்று பொறுப்பான ஒருவர் சொன்னதாகவும், பொய்த் தகவல் கொடுத்த காரணத்தால் இனிப் பல ஆண்டுகள் விண்ணப்பிக்கக்கூடாது என்றும் அதில் இருந்தது. அந்தத் தடை முடிவதற்குள் அவர்கள் வைத்திருக்கும் வயது வரம்பை நான் தாண்டிவிடுவேன். என் மகள் பள்ளியில் தோழிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் அழவில்லை. "அப்ப நீ பொய் சொன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போய், நேராக முதலாளியின் அறைக்குச் சென்றேன். காசோலையில் கையெழுத்து வாங்க அண்ணனும் அங்கே நின்றிருந்தார். நான் முதலாளியிடம், "போன்ல என்னைப் பத்தி என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர், "எந்தப் போன்? ஓ, விசா வரலியா? விடும்மா, எல்லாம் நல்லதுக்குத்தான். உன் சீட்டு அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். புதிய சப்ளையர் ஒருவர் மாதிரிக்குக் கொடுத்த பித்தளை வால்வு ஒன்று மேசைமேல் இருந்தது. அதை எடுத்து அவர்மேல் எறிந்தேன். காயப்படுத்தும் நோக்கம் இருந்ததா என்று அதிகாரி கேட்டதற்கு, இருந்தது என்று சொல்கிறேன். வால்வு அவரது இடது புருவத்துக்கு மேல் பட்டு ரத்தம் வந்தது.

முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "பைத்தியமா உனக்கு? போன் வந்தப்ப நான் ஊர்லயே இல்ல. உங்க அண்ணன்தான் பேசினாரு. அவரக் கேளு!" என்று கத்தினார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் காசோலைப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர், "நான் இல்லாதத ஒண்ணும் சொல்லல பாப்பா. என்ன வேலைன்னு கேட்டாங்க. ஆர்டர் போடுற வேலைன்னு சொன்னேன். நீ போடுற, சாமான் வருது. அது பொய்யா?" என்றார்.

"மேனேஜரான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"நம்ம வீட்டுப் பொண்ணு, ஒரு மரியாதைக்கு அப்படிக் கூப்பிடறோம்னு சொன்னேன்."

அந்த நேரத்தில் வால்வு என் காலடியில் கிடந்தது. அதை நான் தொடவில்லை. அண்ணனிடம் வேறு எதுவும் பேசவில்லை. முதலாளியை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, என் கைக்குட்டையால் காயத்தை அழுத்திப் பிடித்தபடி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணன் அதே இடத்தில்தான் நின்றார். அதன் பிறகு போலீசார் வந்தார்கள். நான் எதிர்ப்பில்லாமல் அவர்களோடு வந்தேன்.

இன்று மதியம் அண்ணன் காவல் நிலையத்துக்கு வந்து, எனக்கு ஜாமீன் கொடுக்கத் தயாராக இருப்பதாகச் சொன்னார். தையல் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கும் முதலாளி சொல்லியனுப்பியதாக இன்னொன்றும் சொன்னார். பேரிங் வராமல் உற்பத்தி நின்றுவிட்டதாம். சப்ளையர்கள் என்னைத் தவிர வேறு யாரிடமும் பேச மறுக்கிறார்களாம். நாளைக்கே வேலைக்கு வருவதாக இருந்தால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வாராம். அண்ணன், "பெரிய மனசு பண்ணியிருக்காரு. சரின்னு சொல்லு. நாளைக்கு வேற அம்மாவுக்கு டயாலிசிஸ் இருக்கே" என்றார்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"எனக்கு அங்க ஒண்ணும் தெரியாதே பாப்பா. எந்த மாடின்னுகூடத் தெரியாது."

இரண்டாவது மாடி என்று சொன்னேன். ஊசி போடும்போது அம்மா சன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார், அந்த நேரத்தில் ஏதாவது பேச்சுக் கொடுக்க வேண்டும், பாதி நேரத்துக்கு மேல் குளிரும், போர்வை எடுத்துப் போக வேண்டும், கடைசியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், கேட்கமாட்டார், நாமாகவே நீவிவிட வேண்டும் என்று சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில், "ஒவ்வொரு தடவையும் இப்படியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளக் கேட்கிறேன்.

முதலாளியின் காயத்துக்காக வருந்துகிறேன். அடி ஆள் மாறி விழுந்துவிட்டது. ஆள் மாறாமல் இருந்திருந்தால் அடித்திருப்பேனா என்று அதிகாரி கேட்டார். கூடப்பிறந்தவரை அடிக்க என் கை எழுந்திருக்காது. அதை அவரும் அறிவார். அண்ணனின் ஜாமீனில் வெளியே வர எனக்குச் சம்மதமில்லை. முதலாளியின் சமாதானத்துக்கும் சம்மதமில்லை. மகள் என் தோழி வீட்டில் இருக்கிறாள். தோழியே வக்கீல் ஏற்பாடு செய்கிறார்.

கடைசியாக, முதலாளி கொடுத்த புகாரை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். "எங்கள் நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர் என்னைத் தாக்கினார்" என்று அதில் இருக்கிறது. அதில் தவறில்லை. ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். அதன் நகல் ஒன்று எனக்கு வேண்டும். என் மகளிடம் காட்ட வேண்டும்.

மேலே உள்ளது யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே சொன்னது. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி