வெறும் பெட்ரோல்

— சரியா காதுல விழலை. இன்னொரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை.

— வெறும் பெட்ரோல் ஊத்திட்டேன் அத்தை.

— ஆயில் கலக்காம.

— அதாவது... ஆமா. கலக்காம.

— நான் கொடுத்த மரம் அறுக்கற செயின்சாவுல.

— ஆமா அத்தை. கல்யாணத்துக்கு நீங்க கொடுத்தது.

— பொண்ணையும் நான்தான் கொடுத்தேன். ரெண்டுல ஒண்ணையாவது ஒழுங்கா வெச்சிருக்கீங்களா?

— அதாவது அத்தை...

— அந்த 'அதாவது'வை வெளியில செருப்போட சேர்த்து விட்டுட்டு வாங்க. இதை எந்த நிலைமையில எடுத்துட்டு வந்தேன் தெரியுமா? பழைய இரும்புக் கடையில, உடைஞ்ச சைக்கிளுக்கு அடியில கிடந்துச்சு. பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிக்கிட்டு அசையவே இல்லை. டீசல்ல ஊற வெச்சு, தட்டி, தடவி, கெஞ்சி, ஒரு மழைக்காலம் முழுக்க இந்த ஷெட்டுல உட்கார்ந்து உசிர் கொடுத்தேன். ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னால ரெண்டு தடவை இருமும். அதனாலதான் பெரியப்பான்னு பேர் வெச்சேன். அந்தப் பெரியப்பாவுக்கு நீங்க வெறும் பெட்ரோலை ஊத்தியிருக்கீங்க.

— மறந்துட்டேன்.

— இந்த இஞ்சினுக்குத் தனியா ஆயில் ஊத்த வேற இடமே கிடையாது. பெட்ரோல்ல கலந்து போற ஆயில்தான் ஒவ்வொரு பாகத்தையும் நனைக்கணும். அது இல்லைன்னா இரும்பும் இரும்பும் உரசிச் சாகும். மூடிமேலயே எழுதியிருக்கு. ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறீங்க. கடையில கொட்டிக் கிடக்குதே, உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து மாட்டிக்கக் கூடாதா?

— எழுத்து கொஞ்சம் அழிஞ்சிருக்கு அத்தை.

— மூளையில அழிஞ்சிருக்கு. நான் ஆபரேஷன் தியேட்டர்ல நின்ன காலத்துல உங்களை மாதிரி ஒரு டாக்டர் இருந்தார். கத்தியைக் கையில வாங்கிட்டு, 'சிஸ்டர், எந்தக் கால்?'னு கேப்பார். அவராவது கேட்டார்.

— சரிதான் அத்தை.

— என்ன சரிதான்? திட்டினா ரோஷம் வராதா உங்களுக்கு? உரல் மாதிரி அசையாம நிக்கறீங்க.

— தப்பு என்னோடதுதானே. நான் என்ன நினைச்சேன்னா, இது போகட்டும், பேட்டரியில ஓடற மெஷின் ஒண்ணு வாங்கிடலாம்னு. சத்தமும் வராது.

— பேட்டரி! அது மெஷின் இல்லை மாப்பிள்ளை, பல் விளக்கற பிரஷ். கொஞ்சம் பெரிசா செஞ்சிருக்கான், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரன் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கான். ரோஜாச் செடியை வெட்டறதுக்குள்ள மூச்சு வாங்கி நின்னுடுது. அப்புறம் அதைத் தொட்டில்ல போடற மாதிரி சார்ஜர்ல போட்டுட்டு, வேலியைத் தாண்டி என்கிட்ட புத்திமதி சொல்றான். 'ஏன் சிஸ்டர், ரிட்டையர் ஆன பொம்பளைக்கு இந்தப் பழைய இரும்பெல்லாம் எதுக்கு?'ன்னு. இந்த அலமாரியைப் பாருங்க. எல்லாம் உங்களை மாதிரி ஆளுங்க தூக்கிப் போட்டது. எதை வேணா எடுங்க, கயித்தை இழுங்க, ஓடும். அவனுக்கு உடம்புல ஒரு இடம்கூட அப்படி ஓடாது.

— நான் அந்த மாதிரி சொல்லலை அத்தை.

— சொல்லத் தைரியம் வேணுமே. விளக்கை இப்படித் திருப்புங்க. அப்படி இல்லை, என் கண்ணுக்குள்ள அடிக்காதீங்க. இது என்ன?

— எது?

— செயினை எப்படி மாட்டியிருக்கீங்க?

— அதாவது, போன வாரம் கழட்டித் திருப்பி மாட்டினேன்.

— திருப்பித்தான் மாட்டியிருக்கீங்க. மரத்தைக் கடிக்க வேண்டிய பல்லெல்லாம் உங்களைப் பார்த்து இளிக்குது. இதை வெச்சு அறுத்தா வெண்ணெய்கூட 'என்னப்பா தடவிக் கொடுக்கறே?'ன்னு கேக்கும்.

— அவ்வளவு மோசமாவா இருக்கு?

— வெறும் பெட்ரோல், தலைகீழ் செயின். இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா? தண்ணியில முக்கிக் குளிப்பாட்டினீங்களா?

— தூசியா இருந்துச்சுன்னு பைப்புல லேசா...

— கடவுளே.

— லேசாத்தான் அத்தை.

— பேசாதீங்க. டேங்க் மூடியைத் திறங்க. அந்தப் பக்கம் இல்லை, அது செயின் ஆயிலுக்கு. இது. ம்.

— என்ன அத்தை?

— ஒண்ணுமில்லை. மோந்து பார்த்தேன். போனைக் கொடுங்க, உங்க பொண்டாட்டிகிட்ட பேசணும்.

— என் நம்பர்லேருந்து கூப்பிட்டா எடுக்க மாட்டா அத்தை.

— ஏன்?

— அதாவது... சிக்னல்.

— உங்க நம்பருக்கு மட்டும் சிக்னல் இல்லையாக்கும். சரி, அந்த ஜன்னல்ல இருக்கு பாருங்க என் போன், அதுல போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, என் கையெல்லாம் கிரீஸ்.

— ரிங் போகுது.

— என்னம்மா? சீக்கிரம் சொல்லு. நான் ஒரு வீடு பார்க்க வந்திருக்கேன்.

— வீடா? யாருக்குடி?

— எனக்கு. ஒரு ரூம், ஒரு சமையலறை. தனியா இருக்கப் போறேன்.

— மாப்பிள்ளை?

— அவரைப் பத்திப் பேசாதே. அப்புறம் சொல்றேன்.

— அவரைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். இங்கதான் நிக்கறார் அந்த மகராசன். பெரியப்பாவைக் கொன்னு, கையில தூக்கிட்டு வந்திருக்கார்.

— கொல்லட்டும். எனக்கென்ன?

— வெறும் பெட்ரோலை ஊத்தி ஓட்டியிருக்கார்டி. ஆயில் கலக்கணும்ங்கற அறிவுகூட இல்லை.

— யாரு, அவரா? நேத்துதானேம்மா வாசல் கேட்மேல விழுந்த கிளையை அறுத்து, ஒரே அளவா அடுக்கி வெச்சார்? நல்லாத்தானே ஓடிச்சு?

— நேத்து ஓடிச்சு, இன்னிக்குக் கொன்னுட்டார். செயினைத் தலைகீழா மாட்டியிருக்கார். மெஷினை பைப்புல கழுவியிருக்கார். எங்கேருந்துடி பிடிச்சே இப்படி ஒரு உதவாக்கரையை?

— அம்மா, வார்த்தையைப் பார்த்துப் பேசு.

— எதுக்குப் பார்க்கணும்? மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக் கொடுக்கற கை. அதுக்கு இதெல்லாம் எங்கே வரும்?

— துடைச்சுக் கொடுக்கற கையா? கண்ணாடிக் கால்ல போடற ஸ்க்ரூ எவ்வளவு சின்னதுன்னு பார்த்திருக்கியா நீ? கடுகு மாதிரி இருக்கும். ஒண்ணு தொலைஞ்சா தரையில படுத்துத் தேடி எடுத்து மாட்டுவார். உன் மெஷினை உன்னைவிட ஜாக்கிரதையா துடைச்சு, துணி சுத்தி வெச்சிருப்பார்.

— அப்ப நான் பொய்யா சொல்றேன்?

— ஏதோ மறந்திருப்பார். மனசு சரியில்லாம இருந்திருக்கும்.

— மனசு இருந்தாத்தானே சரியில்லாம போறதுக்கு. நீ எடுத்ததுதான் சரியான முடிவு. அந்த வீட்டுக்கு இன்னிக்கே சரின்னு சொல்லிடு. நானே வந்து கூட்டிப் பெருக்கித் தர்றேன். இந்த ஆளோட இத்தனை நாள் இருந்ததே அதிகம்.

— எனக்கு எது சரின்னு நீ சொல்லாதே. அன்னிக்கும் இப்படித்தான் வேண்டாம் வேண்டாம்னு குதிச்சே.

— குதிச்சது தப்பா? இப்ப பார்த்தியா?

— இந்த வீட்டுல ஜன்னல்கூட இல்லை. குழாயைத் திறந்தா காத்துதான் வருது. நான் கிளம்பறேன். அவரை நிக்க வெச்சு இப்படிப் பேசாதே. சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லு. திட்ட வேண்டியதை நான் திட்டிக்கறேன்.

— ஏன், நான் திட்டினா என்ன?

— என் புருஷன், நான் திட்டுவேன். உனக்கென்ன உரிமை? வெச்சுடறேன்.

— வெச்சுட்டா.

— அப்ப... நான் கிளம்பறேன் அத்தை. மெஷினை அப்புறம் வந்து எடுத்துக்கறேன்.

— உட்காருங்க. சட்டைப் பையில என்ன?

— பேனா.

— பேனாவுக்குப் பீங்கான்ல உடம்பு எப்போலேருந்து வெச்சான்? எடுங்க வெளியில. எடுத்து மேஜைமேல வைங்க.

— இந்தாங்க அத்தை.

— பெரியப்பாவோட ஸ்பார்க் பிளக். நல்லாப் பளபளன்னு இருக்கு. அப்போ உள்ளே மாட்டியிருக்கற இந்தக் கரி பிடிச்ச செத்த பிளக் எங்கேருந்து வந்தது?

— உங்க குப்பை டப்பாவுலேருந்துதான் அத்தை. போன தடவை வந்தப்ப எடுத்தேன்.

— என் குப்பையை என்கிட்டயே கொண்டு வந்திருக்கீங்க. டேங்க்ல இருக்கற பெட்ரோல்ல ஆயில் வாசனை ஷெட் முழுக்கத் தூக்குது. செயின்ல பல் ஒவ்வொண்ணும் அரம் போட்டு ஒரே சாய்வா தீட்டியிருக்கு. தீட்டத் தெரிஞ்சவருக்கு எந்தப் பக்கமா மாட்டணும்னு தெரியாது, அப்படித்தானே?

— நிஜமாவே கெடுத்துடலாம்னுதான் வெறும் பெட்ரோல் கேனைத் திறந்தேன் அத்தை. மனசு வரலை. திருப்பி மூடிட்டேன்.

— அவளுக்கு என்ன பண்ணீங்க?

— கடைக்கு வந்திருந்தா. நாலஞ்சு பேர் நின்னாங்க. ஏதோ ஒரு சீட்டைத் தள்ளிப் பிடிச்சுப் படிச்சா. 'வெள்ளெழுத்து வந்தாச்சு, கிழவி ஆயிட்டே, வா, உனக்கும் ஒரு கண்ணாடி போட்டுடறேன்'னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிப்பான்னு நினைச்சேன்.

— கேவலமா இருக்கு.

— ஆமா அத்தை. அவ சொன்ன கணக்குல அது முதல் தடவையும் இல்லையாம். கடையில ஆள் இருந்தாலே நான் அவளை வெச்சுத்தான் சிரிக்க வைப்பேனாம். யோசிச்சுப் பார்த்தேன். உண்மைதான். மன்னிப்புக் கேட்டேன், காதுலயே வாங்கலை. வேற என்ன பண்றதுன்னு தெரியலை. நீங்க என்னைத் திட்டினா மட்டும் அவ என் பக்கம் வந்து நிப்பா. அதான்...

— அதான் என் வாயைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தீங்க.

— அதாவது... ஆமா.

— அந்த பிளக்கைக் கொடுங்க. மாட்டியாச்சு, தள்ளி நில்லுங்க. கயித்தை இழுக்கறேன். கேட்டீங்களா?

— இருமுது.

— இன்னொண்ணு இருமும். இப்போ.

— ஓடிடுச்சு அத்தை!

— கத்தாதீங்க, காது கேக்குது. நிறுத்திடறேன். சாயங்காலம் போனதும் இந்த இளிப்பெல்லாம் வேண்டாம். அவ திட்டறப்போ குறுக்கே பேசாதீங்க. சிரிப்பா ஒரு வார்த்தை சொன்னீங்க, நானே வந்து அவளுக்கு வீடு பார்ப்பேன், ஜன்னல் வெச்ச வீடா.

— சரி அத்தை. ஆனா ஒண்ணு கேக்கணும். மூடியைத் திறந்தப்பவே ஆயில் வாசனை தெரிஞ்சுதுன்னா, எல்லாம் தெரிஞ்சேதான் அவளுக்கு போன் போட்டீங்களா?

— மூக்கு எனக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கு.

— தெரிஞ்சுமா அப்படித் திட்டினீங்க? உதவாக்கரைன்னு? மனசே இல்லைன்னு? கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான் பேசறீங்க அத்தை. ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, என்னை உங்களுக்குப் பிடிச்சிருந்துதா?

— நான் நல்லதுன்னு சொன்ன எதையும் என் பொண்ணு கையால தொட்டதில்லை, வேண்டாம்னு சொன்னதை விட்டதும் இல்லை. அதனாலதான் மாப்பிள்ளை, அவ உங்களைக் கூட்டிட்டு வந்த அன்னிக்கு, வாசல்ல நீங்க செருப்பைக் கழட்டறதுக்குள்ளயே 'இவன் வேண்டவே வேண்டாம்'னு முந்திக்கிட்டுச் சொன்னேன்.