ஐந்தாம் எண் கிளிப்

மாலை ஐந்து நாற்பது. நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாருக்குப் போகிற ரோட்டில், கால்வாயை ஒட்டி ஒரு வளைவு உண்டு. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் பாசி பிடித்த தண்ணீர். அரை மைலுக்கு வீடு கிடையாது. வெயில் இன்னும் இருக்கிறது... ஆனால் ரோட்டில் ஆள் இல்லை. ராஜதாஸ் ஸ்கூட்டரில் வருகிறான். வளைவில் திரும்பும்போது தலைக்கு மேலே ஒரு சத்தம். தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி, ங்ங்ங்ங் என்று.

வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தான். வானத்தில் காக்கா கூட இல்லை. சத்தம் மட்டும் வட்டம் சுற்றியது. பிறகு வாடை வந்தது... எரிந்த ஆமணக்கெண்ணெய் வாடை. வந்திருப்பது யார் என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். கிறிஸ்மஸ் ஸ்டார் ஒட்டுவதை நிறுத்த வேண்டாம். விடிந்தால் சர்ச் முற்றத்தில் கட்ட வேண்டியது. கை வேலை செய்யட்டும், காது இங்கே இருந்தால் போதும். பசை காய்கிறவரை முனைகளுக்குக் கிளிப் போட்டு வையுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. ஜெயதாஸ், நீ எழுந்திருக்காதே. ராஜதாஸ் உன் அத்தை மகன்தானே. நான் எங்காவது தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு நீ இருக்க வேண்டும்.

தொண்ணூற்றைந்து பிப்ரவரியில், ஆறு கடலில் சேர்கிற பூவார் பொழிக்கரைக்கு ஒரு யுத்தப் படக் கம்பெனி வந்தது. கடலிலிருந்து ஒரு போர் விமானம் புகை கக்கிக்கொண்டு வந்து மணலில் விழ வேண்டும். அதற்காக நிஜ விமானத்தையா கொளுத்துவார்கள்? ஆறடி இறக்கை வைத்த பொம்மை விமானம்தான். கீழே நின்றுகொண்டு ரேடியோப் பெட்டியில் இரண்டு குச்சிகளைத் தள்ளினால் அது மேலே சாயும், திரும்பும், குட்டிக்கரணம் போடும். அதன் எஞ்சின் குடிப்பது ஸ்பிரிட்டும் ஆமணக்கெண்ணெயும். அதைப் படம்பிடிக்கும்போது கேமராவை நாலு மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். அப்போது திரையில் அது நாலு மடங்கு மெதுவாக வரும். பொம்மைக்கு நிஜ விமானத்தின் கனம் வந்துவிடும். கரையில் இரண்டு வினாடி நடந்தது திரையில் எட்டு வினாடி. இந்த எட்டு வினாடியை மறந்துவிடாதீர்கள்.

விமானத்தைச் செய்தது தனுவச்சபுரத்து சுந்தரதாஸ். ரேடியோ வேலை முழுவதும் பாறசாலை ராஜதாஸ். இரண்டு பேரும் எட்டு வருடக் கூட்டாளிகள். ஓட்டுவதில் சுந்தரதாஸ் கெட்டிக்காரன், ராஜதாஸ் சுமார். விமானத்துக்குள் உட்கார முருக்கு மரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பைலட்டைச் செதுக்கி, தன்னைப் போலவே ஒரு மெல்லிய மீசையும் வரைந்து, நேராகப் பார்க்கிற மாதிரி ஒட்டி வைத்திருந்தான் சுந்தரதாஸ்.

அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு ரேடியோப் பெட்டிக்குள்ளும் நகம் அளவுக்கு ஒரு கிரிஸ்டல், அதற்கு ஒரு எண். ஒரே எண் உள்ள இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் விமானம் இரண்டு பேர் பேச்சையும் கேட்காது, கண்ட பக்கம் பாயும். அதனால் துணி காயப்போடுகிற மரக் கிளிப்பில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதிப் பலகையில் மாட்டியிருப்பார்கள். கிளிப்பை எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டவன்தான் ஆன் செய்யலாம். கிளிப் இல்லாதவன் பெட்டியைத் தொடக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் சுந்தரதாஸ் வேதப் புத்தகத்தைப் போல் கறாராக இருப்பான்.

அந்த விழுகிற ஷாட்டை ராஜதாஸ் ஓட்டுவதாகத்தான் பேச்சு. அன்று காலை ஒத்திகையில் அவன் ஓட்டிய விமானம் ஆற்றில் விழுந்தது. டைரக்டர், சுந்தரதாஸே ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டார். அத்தோடு விட்டிருந்தால் நடந்திருக்காது. சுந்தரதாஸ் சிரித்துக்கொண்டே, மொத்த யூனிட்டும் கேட்க ஒரு வார்த்தை சொன்னான்.

“ராஜதாஸுக்க கை பட்டா பருந்துகூட மண்ணு தின்னும், கேட்டியளா.”

எல்லாரும் சிரித்தார்கள். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கூட. ராஜதாஸும் சிரித்தான்... ஆனால் மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கரையில் பட்டாளப் பச்சை அடித்த ஒரு வேன் நின்றது, தாழம்புதருக்குப் பக்கத்தில், படத்துக்காக வைத்தது. ராஜதாஸ் அதற்குள் ஏறி உட்கார்ந்தான். மடியில் மாற்றுப் பெட்டி. அதிலும் ஐந்தாம் எண்தான். அவனோடு வேனுக்குள் இன்னொருவனும் உண்டு. ஜன்னல் வழியாக ஆண்டெனாவை வெளியே இழுத்து நீட்டிக் கொடுத்தவன் அவன். பெயரைப் பிறகு சொல்கிறேன். விமானம் கடலில் விழ வேண்டும், சுந்தரதாஸ் கூட்டத்துக்கு முன்னால் வாயடைத்து நிற்க வேண்டும். இவ்வளவுதான் ராஜதாஸின் ஆசை. ஐந்து நாற்பதுக்கு விமானம் புகை விட்டுக்கொண்டு கடல் பக்கமிருந்து திரும்பியது. இவன் ஆன் செய்தான்.

விமானம் கடலில் விழவில்லை. ஒரு துள்ளு துள்ளி, கேமராவைப் பார்த்து நேராக வந்தது. எல்லாரும் மணலில் குப்புற விழுந்தார்கள். சுந்தரதாஸ் மட்டும் குச்சிகளை ஆட்டிக்கொண்டே நின்றான். பறக்கிற விமானத்திலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் அவன்தானே. கழுத்தில் சாய்வாக ஒரே வெட்டு. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் பறந்தார்கள். கால்வாய் வளைவில் உயிர் போய்விட்டது.

இந்த சர்ச் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவன் மனைவி ஓமனா, ரத்தம் ஊறிய பழைய சட்டையிலிருந்து அந்த ஐந்தாம் எண் கிளிப்பைக் கழற்றி, அவனுக்குப் போட்டிருந்த கோட்டுப் பையில் குத்திவிட்டாள். எதற்கென்று பாஸ்டர் கேட்டார். அவள் மூடியைத் தானே இழுத்து மூடினாள். காற்று அடித்ததில் விமானம் தவறிவிட்டது என்று ஊர் பேசியது. ராஜதாஸ் பெட்டி சுமந்தான், அழுதான். அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

டிசம்பரில் படம் வந்தது. நெய்யாற்றின்கரையில் மேட்னி. ராஜதாஸ் முதல் நாளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவனுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்: அந்த வேன் திரையில் வருகிறதா, ஆண்டெனா தெரிகிறதா. தெரிந்தால் அவன் கதை முடிந்தது.

வேன் வந்தது. இடது ஓரத்தில் பாதி. ஜன்னலிலிருந்து வெள்ளிக் கம்பி நீண்டு மினுங்கியது. அதைப் பிடித்திருந்த கையும் தெரிந்தது, மணிக்கட்டில் அகலமான ஸ்டீல் வாட்ச். ஆனால் ஜனம் விமானத்தைத்தான் பார்த்தது, விசிலடித்தது. எட்டு வினாடி. முடிந்தது. ராஜதாஸுக்கு மூச்சு வந்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது... அந்த மர பைலட்டின் தலை கொஞ்சம் திரும்பியிருந்ததோ?

சந்தேகம் வந்தால் ஆளைச் சும்மா விடுமா. மறுநாளும் போனான். கன்னம் தெரிந்தது. மூன்றாம் நாள் மீசையின் ஒரு நுனி. அதோடு அந்த ஷாட் நீண்டுகொண்டே போகிற மாதிரி இருந்தது. எட்டு, பத்து, பதினைந்து... இவன் விரல் விட்டு எண்ணினான். பக்கத்தில் இருப்பவர்கள் கடலை கொறித்துக்கொண்டு சாதாரணமாகப் பார்த்தார்கள்.

நாலாம் நாள் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலை. ஓமனா. புருஷன் செய்த விமானத்தைப் பார்க்க வந்திருக்கிறாள். அந்த ஷாட் வந்தது. பைலட் முழுதாகத் திரும்பிவிட்டான். முழு முகம்... சுந்தரதாஸின் முகம். கண் இமைக்காமல் கடைசி வரிசையைப் பார்த்தது. கொட்டகைக்குள் எரிந்த ஆமணக்கெண்ணெய் வாடை அடித்தது. ராஜதாஸ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினான். ஓமனா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“அந்த வண்டில நீட்டிட்டு இருக்கது என்னவாக்கும்?”

பட்டாள வண்டிக்கு வைத்த கம்பி என்று இவன் சொன்னான். அவள் திரும்பாமலே சொன்னாள்.

“கிளிப்பு இல்லாத ஆளு பெட்டியத் தொடப்பிடாதுன்னு அவிய தெனமும் சொல்லுவாவ. அதாக்கும் நான் அவியளுக்க கூடவே குடுத்துவிட்டேன். இனி அஞ்சு அவியளுக்கு மட்டும் உள்ளதாக்கும்.”

எழுந்து போய்விட்டாள். படம் முடியக்கூட நிற்கவில்லை.

ராஜதாஸ் மாடியேறி ஆபரேட்டர் எலியாவின் அறைக்குப் போனான். அந்தத் துண்டை வெட்டிக் கொடு என்று காலைப் பிடித்தான். ஏன் என்று எலியா கேட்டான். அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினான், வேனுக்குள் இருந்தவன் பெயர் உட்பட. எலியா ஃபிலிமைப் பல்புக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். ஒவ்வொரு கட்டத்திலும் பைலட் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவே இல்லை. நீளம் எட்டு வினாடிதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“எங்கிட்ட சொல்லி என்ன பலன் மக்கா,” என்றான் எலியா. “சொல்லவேண்டிய ஆளு இப்பதான் படியிறங்கிப் போச்சு. பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கும். போய்ச் சொல்லு.”

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் இறங்கினான். ஸ்கூட்டரை எடுத்தான். பஸ் ஸ்டாண்டில் ஓமனா தனுவச்சபுரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். இவனைப் பார்த்தாள். இவனும் பார்த்தான். ஒரு நிமிடம் வண்டி நின்றது... பிறகு பூவார் ரோட்டில் திரும்பிவிட்டது. வேனில் கூட இருந்தவன் அப்போது பூவாரில் தங்கியிருந்தான். அவன் வாயை அடைத்துவிட்டால் போதும் என்று இவன் கணக்குப் போட்டான். பாவி, அந்த ஒரு நிமிடத்தில் ஓமனா நின்ற பக்கம் திரும்பியிருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து நம்மோடு ஸ்டார் ஒட்டிக்கொண்டிருப்பான்.

அப்படித்தான் அந்த வளைவுக்கு வந்தான். ஐந்து நாற்பது. சத்தம் தலைக்கு மேலே சுற்றியது, தோப்புக்குள் போனது, திரும்பி வந்தது. தாழ்ந்து... தாழ்ந்து... கால்வாய்த் தண்ணீரில் சிலிர்ப்பு ஓடியது. அந்த நேரம் கால்வாய்ப் பாலத்துக்கு அப்பால் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பத்ரோஸ் என்கிற மீன்காரன் பார்த்திருக்கிறான். ராஜதாஸ் ரோட்டு நடுவில் நின்று, இரண்டு கையையும் வயிற்றுக்கு நேரே வைத்து, கட்டைவிரல்களை ஆட்டிக்கொண்டிருந்தானாம். கையில் ஒன்றும் இல்லை. அண்ணாந்த தலை அப்படியே. ஓடவே இல்லையாம்.

பத்ரோஸ் பாலத்தைச் சுற்றி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கழுத்தில் சாய்வாக ஒரே வெட்டு. சுந்தரதாஸுக்கு இருந்த அதே இடம். தகரம் ஏற்றிப் போன லாரி உரசியிருக்கும் என்று போலீஸ் எழுதியது. அந்த நேரத்தில் லாரி எதுவும் போகவில்லை என்று பத்ரோஸ் இன்றைக்கும் சொல்கிறான். ராஜதாஸின் சட்டைப் பையில் ஒரு மரக் கிளிப் குத்தியிருந்தது. சிவப்பில் ஐந்து. ஈர மண் அப்பியிருந்தது, செம்மண். அந்த வளைவில் எங்கு தோண்டினாலும் வெள்ளை மணல்தான். செம்மண் இருப்பது இங்கே, நம் கல்லறைத் தோட்டத்தில்.

ஓமனாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவள் ஆச்சரியப்படவில்லை. வாங்கி, சேலை முந்தானையால் துடைத்து, சுந்தரதாஸின் கல்லறை ஓரத்தில் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். மண்ணைத் தள்ளிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“வேலை ஒருபாதிதான் ஆச்சு. ஆவசியம் உண்டுமானா அவியளே எடுத்துக்குவாவ.”

ஒரு வருடம் ஆகிவிட்டது. எலியா அந்த இன்னொரு பெயரை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னான். அந்தப் பெயருக்குரியவனே வந்து ஓமனாவிடம் சொல்லட்டும் என்று நாங்களும் காத்திருந்தோம். வரவில்லை.

ஜெயதாஸ், கதை நடுவிலேயே வாட்ச்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாய். பரவாயில்லை, அது எல்லாரும் பார்த்ததுதான். அந்த அரிக்கேன் விளக்கை இப்படிக் கொஞ்சம் தள்ளு. உன் ஸ்டாரின் மூன்றாவது முனையில் ஒரு மரக் கிளிப் இருக்கிறதே... நாம் கொண்டுவந்ததெல்லாம் பிளாஸ்டிக். அதைத் துடைத்துவிட்டுப் படி. மெதுவாகத் துடை, செம்மண் ஈரமாக இருக்கிறது.