வாரின கை

— டேய் வேல்முருகா, கதவாண்ட போவாதே. பட்டியல் எங்கன்னு சொல்லிட்டு அப்புறமா போ.

— இன்னாண்ணே இது! சட்டைப் பையில இருக்குதான்னு பாக்கணுமா? பாத்துக்குங்க. ஒரு சீப்பு, ஒரு பாண்டி பஸ் டிக்கெட்டு.

— நக்கலு! டீச்சரம்மா, நீங்களே கேளுங்க இவனை. முன்னூத்திப் பன்னெண்டு உப்பளக் குடும்பம். சுனாமித் தண்ணி ஏறி பாத்தியெல்லாம் சேறாகி, குடிசையும் போயி, அஞ்சு மாசமா பள்ளிக்கூட வராந்தாவுல கிடக்குதுங்க. நாலு மணிக்குத் தாலுக்கா ஆபீசர் வர்றாரு. பட்டியல்ல பேரு இருந்தாத்தான் வீட்டு மனை. இப்ப பட்டியலே இல்ல!

— மெதுவா பேசுங்க சுப்ராயன் சார். கையால எழுதின நோட்டு எதுவும் இல்லையா?

— இருந்துது. போன மாசம் மழையில நனைஞ்சு மை எல்லாம் ஓடிப்போச்சு. அதனாலதானே சங்கத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்துனோம். டிஸ்க்கை எப்படிப் பாத்துக்கிறதுன்னு மூணு நாள் கிளாஸ் எடுக்க உங்களையும் பாண்டியிலேர்ந்து வரவழைச்சோம். காபந்து பண்ணக் கத்துக்கலாம்னு பாத்தா, திருடக் கத்துக்கிட்டான் ஒருத்தன்.

— யாரைச் சொல்றீங்க?

— இவனைத்தான். இவன் மச்சான் இறால் பண்ணைக்காரன். அந்த மனை மேல அவனுக்கு ஒரு வருஷமா கண்ணு. பட்டியல் இல்லேன்னா மனை யாருக்குப் போவும்? சொல்லட்டும்!

— மச்சான் பண்ணை வெச்சா நான் திருடனா? அந்தப் பட்டியல்ல நாப்பத்தேழாவது பேரு எங்க அம்மா அஞ்சம்மாள். என் வாயில நானே மண்ணு போட்டுக்குவேனா?

— சாப்பாட்டு நேரத்துல கடைசியா ரூமை விட்டுப் போனது நீதானே?

— நான்தான். போர்டைப் பாத்து எழுதிக்கிட்டு இருந்தேன். நீங்கதான் வந்து "கெளம்புப்பா, பூட்டணும்"னு தொரத்துனீங்க.

— சாவி யார்கிட்ட இருந்தது சார்?

— என் இடுப்புல. இவன் போனதும் எல்லாம் ஒழுங்கா இருக்குதான்னு பாத்துட்டுத்தான் பூட்டினேன். முப்பது வருஷம் உப்பு வாரின கைம்மா இது. ஒரு கல்லு சிந்தாது. வாரி, குவிச்சு, மழைக்கு ஓலை போட்டு மூடிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இந்தப் பட்டியலை மட்டும் விட்டுடுவேனா?

— அப்போ பூட்டின ரூமுக்குள்ள நான் எப்படிண்ணே பூந்தேன்? எலி மாதிரியா?

— அதுக்கு முன்னாடியே ஏதாவது செஞ்சு வெச்சிருப்ப! எனக்கு இந்த மெஷினு வித்தையெல்லாம் தெரியாது. காலையில பாதி கிளாசு நான் இல்ல, டீக்கடையில ஒத்தை ரூவா போன்ல ஆபீசரைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். வந்து போர்டைப் பாத்து நாலு வார்த்தை எழுதிக்கிட்டேன், அவ்வளவுதான். இவன் முழுசா உக்காந்து கத்துக்கிட்டவன்.

— சார், கொஞ்சம் பொறுங்க. நான் பாத்துடறேன்.

— நீங்க பாருங்க. நான் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுட்டு வர்றேன். எஸ்.ஐ. வந்து கேட்டாத்தான் இவன் வாயைத் தொறப்பான்.

— …போயிட்டாரு மேடம். நீங்களும் நம்பறீங்களா?

— நம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கறேன், வேல்முருகன். நிஜத்தைச் சொல்லுங்க. பட்டியலை அழிச்சதோட நின்னிருந்தா என்னால எடுத்துட முடியும். எழுத்தெல்லாம் டிஸ்க்குல அப்படியே கிடக்கும், துழாவி எடுக்கணும், ஒரு மணி நேரம் ஆகும். ஆனா அழிச்சதுக்கு மேல வேற ஏதாவது எழுதியிருந்தா போச்சு. செஞ்சவங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.

— எங்க அம்மா மேல சத்தியமா நான் தொடல மேடம்.

— சரி, இங்க வாங்க. அடிச்ச கட்டளையை எல்லாம் இந்த மெஷின் வரிசையா ஞாபகம் வெச்சிருக்கும். யாரு அடிச்சாங்க, கட்டளை இல்லாம மேல ஏதாவது எழுதினாங்களான்னு மட்டும் சொல்லாது. இதோ, கடைசி வரி. படிங்க.

— வாரு… பட்டியல்.

— இங்கிலீஷ் கட்டளை வாயில நுழையாதவங்களுக்காக நான் வெச்ச தமிழ் வார்த்தை. காலையில என்ன சொன்னேன், வாருன்னா?

— குப்பையை வாரிக் கொட்டுற மாதிரி. மொத்தமா அழிச்சிடும்.

— அதேதான். தெரியாம கைபட்டு இது நடக்காது. யாரோ எழுத்து எழுத்தா அடிச்சிருக்காங்க. ஒரு தடவை கேட்கும், நிச்சயமான்னு. அதுக்கும் ஆமான்னு சொல்லியிருக்காங்க.

— அப்போ தெரிஞ்சே பண்ணவன் மேடம். ஈவு இரக்கம் இல்லாதவன். முன்னூத்திப் பன்னெண்டு குடும்பத்தை ஒரு வார்த்தையில…

— ஷ்… அவர் வர்றார்.

— சொல்லிட்டேன். போலீஸ் ஜீப்பு கீழ்புத்துப்பட்டு தாண்டிடுச்சாம், இன்னும் கால் மணி நேரம். இன்னாடா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? ஒத்துக்கிட்டானா டீச்சரம்மா?

— இல்ல சார். ஆனா கடைசியா என்ன நடந்ததுன்னு மெஷின் சொல்லிடுச்சு. இந்த வரியைப் பாருங்க.

— கண்ணாடியைப் போன் பண்ண எடத்துல விட்டுட்டேம்மா, நீங்களே படிங்க.

— "வாரு பட்டியல்."

— அட, அது கடைசி இல்லம்மா! அதுக்கப்புறம் இவன் பண்ணதைத் தேடுங்க. இந்த வரி நான் அடிச்சது. இவனை அனுப்பிட்டு, போர்டுல இருந்த வார்த்தையைப் பாத்து ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி அடிச்சேன். "நிச்சயமா"ன்னு கேட்டுச்சு, ஆமான்னு சொன்னேன். அப்புறம் மெஷின் மேல ஒரு விரலு வைக்கல. முன்னூத்திப் பன்னெண்டு பேரையும் நானே என் கையால பத்திரமா வாரிக் குவிச்சுட்டுத்தானேம்மா கதவைப் பூட்டினேன்!