சாப்பிடாத விருந்தாளி

நாளைக்குக் கல்யாணம். மருதாணி காயும்வரை எவளும் எழுந்து போக முடியாது. நல்லதாகப் போயிற்று, கேளுங்கள்.

சாயங்காலம் ஆறே முக்கால். செஞ்சிக் கோட்டையிலிருந்து ஊருக்குள் வரும் ரோடு… கரண்ட் இல்லை, ஒரு வண்டி இல்லை. இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருத்தி காயத்ரி, பஜாரில் பாத்திரக்கடைக்காரர் மகள். கூட வந்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

என் தோழி பிரம்மிக்குச் சித்தி மகள் திரிசலா. அவளும் காயத்ரியும் ஒரே காலேஜ், ஒரே பைத்தியம். ஜப்பான்காரன் வரைகிற ரத்தக்காட்டேரி மங்கா, பின்பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய படக்கதை. பஸ்ஸில் ஒரே போனில் இரண்டு தலையும் முட்டிக்கொண்டிருக்கும். அப்படி என்னதான் இருக்கிறது என்று பிரம்மி கேட்டதற்குத் திரிசலா சொன்னாளாம்:

"அந்தக் காட்டேரி கேக்காம உள்ள வரமாட்டான்க்கா. வாசல்ல நின்னு, வரட்டுமான்னு கேப்பான். நம்ம ஊர்ல எவன் கேக்கறான்?"

எனக்கே கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் கதைகளில் இன்னொன்றும் உண்டு. சோறு வைத்தால் அவன் தொடமாட்டான். அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

அன்று காயத்ரி அவனைத் திரிசலா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். "எங்க பெரியம்மா பையன், தருண்." அவன் மெதுவாக, "உள்ள வரட்டுமா?" என்றான். திரிசலா சிரித்துக்கொண்டே "வாங்க" என்றாள்.

பிறகு தினமும் வந்தான். இருட்டினதும். கூடவே ஈரக் கல் வாசனை… வௌவால் நாற்றம். போனில் பக்கம் தள்ளும்போது நகம் மட்டும் கிறீச்… கிறீச்… திரிசலாவின் அம்மா மருதேவிக்கு ஒரே சங்கடம். "இருட்டிடுச்சேப்பா, ஒரு வாய் சாப்டுன்னுகூட சொல்ல முடியல." நம் ஜைன வீடுகளில் பொழுது போனால் அடுப்பு ஏது, தட்டு ஏது? அவன் சாப்பிடாதது யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரே மாதத்தில் திரிசலா வெளுத்துப் போனாள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். காயத்ரியோ வருவதையே நிறுத்திவிட்டாள். சந்தேகம் வந்து திரிசலா போன் செய்தாள்.

"அவன் ஒங்க வீட்ல சாப்டுவானாடி?"

காயத்ரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"கோட்ட ரோட்டுல என்ன புடிச்சிக்கிட்டான்டி. ராத்திரி சாப்பாடு போடாத வீடு ஒண்ணு காட்டு, ஒன்ன வுட்டுட்றேன்னான். எனக்கு ஒன் வீடுதான் தெரியும்."

பாவி. கூடவே உட்கார்ந்து படித்தவள்.

திரிசலா இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். தை மாதம் பிரம்மி வீட்டுக்கு ஒரு நண்பனைக் கூட்டிப் போனாள். அக்காக்காரி பாசத்தில் "வாங்க" என்றிருக்கிறாள்.

போன வாரம் பிரம்மி எங்கள் வீட்டுக்கு வந்தாள், கூட ஒருத்தன். இருபது வருஷப் பழக்கம், நானும் "வாங்க" என்றேன். இதையெல்லாம் அவள் சொன்னது நேற்றுதான், போனில், அழுதுகொண்டே.

நீங்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள்தானே, சொல்லுங்கள். நாளைக்குக் கல்யாணம் முடிந்து, இருட்டினதும், நான் யார் வீட்டுக்கு வரட்டும்?