ஹம்ஸா பார்த்தாச்சு

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் சிறுதொழில் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் நிறுவனத்தின் உரிமையாளர் பாண்டிதுரை அவர்களே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்த ஹம்ஸா அம்மையாரின் கணவர் பத்ரிநாத் அவர்களே, கடைசி வரிசையில் கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் சேத்தூர் விவசாயி கண்ணுச்சாமி ஐயா அவர்களே, என்னோடு வேலை பார்க்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். சோதனைப் பிரிவு தவசிமுத்து பேசுகிறேன். பத்ரிநாத் அவர்களே, நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்? குனிய வேண்டியவர்கள் நாங்கள். அதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

என் பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸைப் பாருங்கள். 'கணினிக் காவலர் திருமதி ஹம்ஸா பத்ரிநாத்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். ஆகா, என்ன பட்டம்! உயிரோடு இருந்தபோது நாங்கள் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? எதிலும் குறை சொல்கிறாராம், அதனால் நொட்டை மேடம்! அவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீஸ் படி ஏறும்போதே, "ஏலே, நொட்டை வருது, ஸ்கிரீனை மாத்து" என்பார்கள். அது அவர் காதில் விழும். சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போவார்.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நிறுவனம், விவசாய மோட்டாரை செல்போனால் இயக்கும் பெட்டியைத் தயாரிக்கிறது. சேத்தூர், வத்திராயிருப்பு தோப்புகளில் அது தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மெசேஜ் அனுப்பினால் மோட்டார் ஓடும், இன்னொன்று அனுப்பினால் நிற்கும். பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் சி மொழியில் எழுதியது. அந்த மொழி சொன்னதை அப்படியே செய்யும். பத்து எழுத்து கொள்ளும் இடத்தில் நூறு எழுத்தைக் கொட்டச் சொன்னால், 'இடம் கொள்ளாது ஐயா' என்று ஒரு வார்த்தை கேட்காது. கொட்டிவிடும். வழிந்தது, பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மேல் விழும்.

இப்படிப்பட்ட ஆபத்தான கட்டளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிக் கொடுக்க ஒரு ஸ்கேனர் உண்டு. அதுவும் ஒரு புரோகிராம்தான். வரி வரியாகப் படித்து, சந்தேகமான இடங்களை ஆபத்தின் அளவுப்படி அடுக்கித் தரும். ஆனால் அதற்குச் சந்தேகப்பட மட்டும்தான் தெரியும். அது நிஜ ஓட்டையா, வெறும் பயமா என்று ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்த மனிதர் ஹம்ஸா அம்மையார்! பார்த்து, பயமில்லை என்று உறுதியானால், அந்த வரிக்குப் பக்கத்தில் 'இதை விட்டுவிடு' என்று ஸ்கேனருக்கு ஒரு குறி போடலாம். அதன் பிறகு அந்த வரியைப் பற்றி அது வாய் திறக்காது. கண்டவர்களும் குறி போட்டுவிடக் கூடாது என்று அம்மையார்தான் ஒரு விதி வைத்தார். குறியோடு, பார்த்தவர் பெயரும் இருக்க வேண்டும். அப்படித்தான் எங்கள் புரோகிராமில் 'ஹம்ஸா பார்த்தாச்சு' என்ற சொற்கள் வந்தன. அவை இருந்தால்தான் பெட்டி வெளியே போகும்.

எப்படிப் பார்த்தார் தெரியுமா! ஒருமுறை என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, பாஸ்வேர்டு வாங்குற இடத்துல எம்புட்டு நீளம்னு கேக்கவே இல்லையே. பெருசா ஒண்ணு வந்தா எங்க போய் விழும்?" என்றார். "விவசாயி நாலு நம்பர்தான் மேடம் அடிப்பாரு. பெருசா யாரு அடிக்கப் போறா?" என்றேன். "அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பெட்டிக்கு யாருண்ணே சொன்னது?" என்றார். அன்றைக்கே அந்த இடத்தைத் திருத்தச் சொன்னேன். ஸ்கேன் அறிக்கையில் பூஜ்யம் வந்துவிட்டால், மறுநாள் ஊரிலிருந்து எல்லோருக்கும் பால்கோவா வாங்கி வருவார். பூஜ்யம் என்றால் பால்கோவா. அது எங்கள் ஆபீஸ் வழக்கமாகவே ஆகிவிட்டது.

இப்போது வெட்கக்கேட்டுக்கு வருகிறேன். ஆடிப்பூரத் தேரன்று புது மாடலை வெளியே விடுவது எங்கள் முதலாளியின் வழக்கம். இந்த ஆண்டு அதற்கு முன்பே அம்மையார் சிறுநீரகக் கோளாறு என்று மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். ஸ்கேன் ஓட்டினோம். சந்தேகங்கள் மடமடவென்று வந்து விழுந்தன. பார்க்க ஆளில்லை. தேருக்கு நாளில்லை. என்ன செய்தோம்? பார்த்துத் திருத்தினோமா? தேதியைத் தள்ளினோமா? முதலாளியிடம் போய் 'முடியாது' என்று சொல்ல ஒருத்தருக்காவது வாய் வந்ததா? இல்லை! வரிக்கு வரி குறி போட்டோம். குறிக்குப் பக்கத்தில் பெயர் வேண்டுமே! எங்கள் பெயரைப் போட எங்களுக்குப் பயம். படுக்கையில் கிடந்தவரின் பெயரைப் போட்டோம். ஹம்ஸா பார்த்தாச்சு. ஹம்ஸா பார்த்தாச்சு. ஹம்ஸா பார்த்தாச்சு! அறிக்கையில் பூஜ்யம் வந்தது. அன்றைக்கும் ஆளனுப்பிப் பால்கோவா வாங்கித் தின்றோம். தூ!

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம், நீட்டி முழக்கி, கண்ணுச்சாமி ஐயா வாங்கிய அந்தப் புது மாடல் பெட்டியில் இருந்த சிம்முக்கு வந்தது. மெசேஜை வாங்கும் இடத்தில் அது கொள்ளவில்லை. வழிந்து, பக்கத்தில் இருந்த 'மோட்டார் நிற்கட்டும்' என்ற குறிப்பை அழித்தது. மோட்டார் ஓடியது. அந்த நேரம் ஐயா மோட்டாருக்கு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு முறிந்தது. விளம்பரத்துக்கே இந்தக் கதி என்றால், கெட்ட எண்ணத்தோடு ஒருவன் அனுப்பினால் என்ன ஆகியிருக்கும்?

கட்டுப் போட்ட கையோடு ஐயா எங்கள் ஆபீஸுக்கு வந்தார். "ஆஃப் ஆயிருச்சுன்னு போன்ல வந்துச்சு. அதை நம்பித்தானய்யா கையை வச்சேன்" என்றார். நாங்கள் என்ன பதில் சொன்னோம்? 'எங்கள் நிபுணர் ஹம்ஸா பார்த்து அனுமதித்த பெட்டி அது' என்றோம். ஐயா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தம்மா என்ன, கண்ண மூடிக்கிட்டா பார்த்தாவ?" ஐயா, இன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்தம்மா பார்க்கவில்லை. அவருக்குக் காட்டவே இல்லை. அந்த வரிக்குக் குறி போட்டபோது பக்கத்தில் நின்றவன் நான்.

முதலாளி கண்ணைக் காட்டுகிறார், உட்காரச் சொல்லி. செத்த நேரம் பொறுங்க முதலாளி. நாளைக்கு நீங்கள் என்னை வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போகிறேன். இன்றைக்குப் பேசிவிட்டுத்தான் உட்காருவேன்.

அந்தச் செய்தி ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தது. நேற்று பத்ரிநாத் அவர்கள் என்னிடம் சொன்னது இது. அம்மையார் அன்றிலிருந்து அந்த வரியையே நினைத்துக்கொண்டு கிடந்தாராம். "நான் எப்ப பார்த்தேன்? ஞாபகமே வரலையே. மாத்திரைல மறந்துபோச்சா? என்னால ஒருத்தர் கை போச்சே" என்று கேட்டுக் கேட்டு அழுதாராம். கேட்டீர்களா தோழர்களே? நாம் செய்த தப்பைத் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டே அந்தப் பெண் கண்ணை மூடியிருக்கிறார்! நாம் பார்க்கப் போனோமே, ஆளுக்கொரு பை ஆப்பிளோடு? 'மேடம், அது நீங்க பார்த்தது இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதைவிட வெட்கம் என்ன இருக்கிறது?

நடந்த உண்மையை நேற்று நான் சொன்னதும் பத்ரிநாத் ஒன்று கேட்டார். "அவ பேரை எல்லாத்துலருந்தும் எடுத்துராதீங்க. அவ நெசமாப் பார்த்தது இருக்கும்ல, அதுல மட்டும் இருக்கட்டும்" என்றார். நியாயமான ஆசை. ஆனால் அதையும் செய்து கொடுக்க எங்களால் முடியாது ஐயா. அவசரத்துக்கு வசதி என்று எல்லோரும் ஒரே லாகினில் வேலை பார்த்தோம். கையை முறித்த அந்த ஒரு வரி போக, எந்தக் குறி அவர் போட்டது, எந்தக் குறி நாங்கள் போட்டது என்று இப்போது ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பொய்யோடு சேர்த்து அவருடைய உழைப்பையும் அழிக்கும்படி ஆக்கிவிட்டோம். எங்களை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே, அம்மையார் படத்தின் முன் நின்று சொல்கிறேன். குறிகள் எல்லாம் எடுக்கப்படும். ஒரு குறியையும் மதிக்காமல் முதல் வரியிலிருந்து ஸ்கேனரை ஓட்டுவோம். அது காட்டும் ஒவ்வொரு இடத்தையும் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். பார்த்தவர் தன் பெயரைத்தான் போடுவார், அவரவர் லாகினில். விற்ற பெட்டிகளைத் தோப்பு தோப்பாகப் போய் மாற்றுவோம். அதுவரை ஒரு பெட்டியும் வெளியே போகாது, எந்தத் தேர் வந்தாலும் சரி! பூஜ்யத்தைக் காட்டி இனி யாரும் எங்களுக்கு இனிப்பு தர வேண்டாம்.

இன்று காலை ஆபீஸுக்குப் போய், ஐயாவின் கையை முறித்த அந்த வரியை எடுத்தேன். நீளத்தைக் கேட்டு வாங்கும்படி திருத்தினேன். பக்கத்தில் இருந்த 'ஹம்ஸா பார்த்தாச்சு' என்பதை அழித்துவிட்டு, 'இதை ஹம்ஸா பார்க்கவில்லை. அவர் பெயரைப் போட்டு நாங்கள் அனுப்பினோம்' என்று எழுதி, கீழே தவசிமுத்து என்று போட்டிருக்கிறேன். இனி எந்தக் காலத்தில் எவர் திறந்தாலும் முதலில் அதைப் படிக்கட்டும். என் பெயருக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன் தோழர்களே. கம்ப்யூட்டரை அணைக்காமல்தான் வந்திருக்கிறேன். மௌன அஞ்சலி முடிந்ததும் நேரே அங்கே வாருங்கள்.