சைரன் நின்ற வளைவு

மேடையில் பேசிப் பழகாதவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதைத்தான். பேச்சு எப்படியாவது வந்துவிடும். கைதான் பையைத் தேடும், மூக்கைத் தேடும், இல்லாத பொத்தானைத் திருகும். ஒரு கையை இன்னொரு கையால் இலேசாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் தங்கை வெர்னாவுக்கும் அதைத்தான் சொன்னேன்.

"என் கை என்ன தம்பி, கட்டிப்போட வேண்டிய கன்னுக்குட்டியா?" என்று கேட்டார்.

ஓபல், நீங்கள் அவருடைய பச்சை ஜாக்கெட்டை வாங்கிப்போக வந்தீர்கள். அது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. எடுத்துக் கொடுத்து உங்களை அனுப்பியிருப்பேன். ஆனால் வாசலில் நின்றபடி, அந்த வளைவில் அவர் ஏன் வண்டியைத் திருப்பவில்லை என்று கேட்டீர்கள். ஷெரிஃபுக்குத் தெரியாது. மார்லீனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். உட்காருங்கள்.

மார்லீன் கோகரை கவர்னர் ஆக்கப்போகிறோம் என்று இந்த வாடகைக் கடையில் பத்துப் பேர் கூடியபோது ஊரே சிரித்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண்மணி, மேற்கு வர்ஜீனியாவுக்கே கவர்னராம். அதிலும் இது பிரைமரி. எதிர்க்கட்சியோடு மோதுவதற்கு முன்னால் சொந்தக் கட்சிக்காரனை ஜெயித்தாக வேண்டும். எங்களை எதிர்த்தவர் மூன்று தலைமுறையாக நிலக்கரியில் சம்பாதித்த வீட்டுப் பிள்ளை. டிவியைப் போட்டால் அவர் முகம்தான். எங்களிடம் இருந்தது கால்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். தேவாலயக் கூடங்களில் பேசினோம். வசந்தம் வந்ததும் தீயணைப்பு நிலையங்களில் நடக்கும் காட்டுப்பூண்டு விருந்துகளுக்கு ஒன்றுவிடாமல் போய், வாய் நாற நாற ஓட்டுக் கேட்டோம். மூடிய மருத்துவமனைகளைத் திறப்பேன் என்பது மார்லீனின் ஒரே வாக்குறுதி. அது நியாயமான வாக்குறுதி, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வெர்னா எங்களிடம் சமையலுக்கு உதவ வந்தவர். பள்ளிக்கூட அடுப்படியில் வேலை பார்த்ததால் மார்லீனுக்குப் பல வருடப் பழக்கம். ஒரு விருந்துக்குப் பூண்டைக் கழுவி ஆய்ந்துகொண்டிருந்தபோது, நான் கேட்காமலே தன் மகள் டெஸ்ஸாவைப் பற்றிச் சொன்னார். உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் ஊர் மருத்துவமனையை மூடிய அந்தக் குளிர்காலம், பிள்ளைக்கு மூச்சுத்திணறல், மலைக்கு அப்பால் அடுத்த மாவட்ட மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ். கூட ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். திரும்பி வர வண்டி வேண்டுமே என்று வெர்னா தன் பழைய பிக்கப் வண்டியில் பின்னால் போனார்.

"மேட்டுல என் வண்டி இழுக்கல தம்பி. பின்தங்கிட்டேன். அந்தக் கொண்டை ஊசி வளைவு இருக்கு பாரு, அங்க வந்ததும் மேல சைரன் நின்னுச்சு. அப்பாடா, பிள்ளைக்குச் சரியாயிடுச்சு, அதான் சத்தத்த நிறுத்திட்டாங்கன்னு நெனச்சேன். சந்தோஷத்துல ஹாரன் வேற அடிச்சேன்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அது பொய் அழுகை இல்லை. அழுது முடித்தபின் அந்தக் கதையை இரண்டு நிமிடத்துக்குச் சுருக்கினேன். டெஸ்ஸா நாய்க்கு நகப்பூச்சு போட்டுவிட்டது, ஆஸ்துமாவோடு சிகரெட் பிடித்து மாட்டிக்கொண்டது, அம்மாவும் மகளும் மூன்று நாள் பேசாமல் இருந்தது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஹாரனை வைத்துக்கொண்டேன்.

"நாயை எடுத்துட்டியே, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் வெர்னா.

"நாய் வந்தா சிரிச்சிடுவாங்க."

"அவ சிரிப்பா இருந்தவதானே தம்பி?"

நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

வெர்னா மேடையேறிப் பேசிய அந்த இரண்டு நிமிடம் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் வேறு. ஹாரன் என்ற சொல் வரும்போது சுரங்கத்தில் முதுகு ஒடிந்த ஆட்கள் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொள்வார்கள். முந்நூறு பேர் வந்த இடத்தில் எண்ணூறு பேர் வந்தார்கள். நிலக்கரி வீட்டுப் பிள்ளை தன் விளம்பரத்தில் மருத்துவமனை என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டார். சிரித்த ஊர் எங்கள் பிரச்சாரப் பலகைகளைக் கேட்டு வாங்கித் தன் வீட்டு முன்னால் நட்டது.

பிறகு வெர்னா தேறத் தொடங்கினார்.

இதை எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருக்கும், அப்படியே சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி அவருடைய துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கூட்டம் முடிந்ததும் பெண்கள் கட்டிப்பிடித்தார்கள், கேக் கொடுத்தனுப்பினார்கள். ஒருநாள் காரில் ஏறி, "நேத்து ராத்திரி முழுசாத் தூங்கினேன் தம்பி, கனவே இல்ல" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு மேடையில், கடைக்கு வழி கேட்டவனுக்கு வழி சொல்வதைப்போல அந்தக் கதையைச் சொன்னார். ஹாரன் வந்தது, போனது. ஜனங்கள் மரியாதையாகக் கைதட்டிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போனார்கள்.

அடுத்த நாலைந்து கூட்டங்களும் அப்படியே. தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது. நாங்கள் பின்தங்கத் தொடங்கியிருந்தோம். அப்போதுதான் வெர்னா என்னிடம் கேட்டார்: "போதும் தம்பி. என்னை மறுபடி அடுப்படிக்கே அனுப்பிடேன். அவளை நெனச்சா இப்ப நாய்தான் ஞாபகம் வருது. அப்படியே இருக்கட்டுமே."

அனுப்பியிருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸில் டெஸ்ஸாவோடு இருந்த முதலுதவி ஊழியர் ட்வைட். பிள்ளை கண்ணே திறக்கவில்லை, வலி தெரியாமல் போய்விட்டாள் என்று அன்றைக்கே வெர்னாவிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் தங்கை உயிரோடு இருந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் என் கை நேராக அங்கே போயிற்று.

அடுத்த ஊருக்குப் போகும் வழியில், வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னேன்.

"வெர்னா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சேன். அந்த ராத்திரி ஆம்புலன்ஸ்ல இருந்தவங்கள்ல ஒருத்தர் என்கிட்ட பேசினாங்க. டெஸ்ஸா கண்ணு முழிச்சாளாம். அம்மா எங்கன்னு கேட்டாளாம். ஏன் கூட ஏறலன்னு கேட்டாளாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே, "எத்தனை தரம் கேட்டா?" என்றார்.

"ரெண்டு மூணு தரம்."

அன்று மாலை வெர்னா மேடையில் அதைச் சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை. சொல்வார் என்று தெரியும். கைகளைக் கோத்துக்கொள்ள மறந்துவிட்டார். அவை காற்றில் எதையோ தேடின. கூடத்தில் ஒருவர்கூட இருமவில்லை. யாரோ எடுத்த வீடியோ மறுநாள் காலைக்குள் மாநிலம் முழுக்கப் போய்விட்டது. அதற்குமேல் நிலக்கரி வீட்டுப் பிள்ளையின் எந்த விளம்பரத்துக்கும் பலன் இல்லை.

வீடியோவைப் பார்த்துவிட்டு ட்வைட் இங்கே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டார்.

"யாருய்யா சொன்னது உனக்கு? நான் அந்தப் பிள்ள கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். வண்டியில நானும் டிரைவரும்தான். அவ கண்ணத் தொறக்கவே இல்ல."

"செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டு முடியட்டும், நானே சொல்லிடறேன்" என்றேன்.

அவர் காத்திருக்கவில்லை. நல்ல மனிதர். நேரே வெர்னா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். வெர்னா அவருக்கு பீன்ஸும் சோளரொட்டியும் போட்டு, கையைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார். என்னிடம் சொன்னார்: "பாவம் ட்வைட். எனக்காக அன்னைக்கும் பொய் சொன்னான், இன்னைக்கும் சொல்றான். நல்ல மனசு அவனுக்கு."

புரிகிறதா, ஓபல்? அதற்குப்பின் அந்த உண்மையை அவரிடம் சொல்லி நம்பவைக்க உலகத்தில் ஒரே ஆள்தான் மிச்சம். ட்வைட்டும் திரும்பி வந்து அதைத்தான் சொன்னார். "நீதான்யா சொல்லணும். நீ ஒருத்தன்தான் சொல்ல முடியும்." சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஜெயித்தோம். இதே கடையில் ஆட்டம், பாட்டம், பெப்பரோனி ரோல், பேப்பர் கோப்பையில் பீர். மார்லீன் மேசைமேல் ஏறி அழுதார். வெர்னா பச்சை ஜாக்கெட்டோடு அந்தச் சுவரோரம் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"ஆம்புலன்ஸ் பின்கதவுல கண்ணாடி இருக்குல்ல தம்பி?"

"இருக்கு."

"என் வண்டி வெளிச்சம் அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா? நான் பின்தங்கிட்டேனே. ஹாரன் அடிச்சேனே, அதாவது கேட்டிருக்குமா?"

அதுதான் எனக்குக் கிடைத்த இடம். 'வெர்னா, அவள் கண்ணே திறக்கவில்லை, நான் பொய் சொன்னேன்' என்று ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் என் முகத்தில் அறைந்திருப்பார், வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார். ஆனால் மார்லீன் அப்போதுதான் மேசையிலிருந்து வெர்னாவின் பெயரைச் சொன்னார். எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். எதிர்க்கட்சியோடு மோத வேண்டிய நவம்பர் தேர்தல் இன்னும் இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வந்தது.

"கேட்டிருக்கும் வெர்னா" என்றேன். "அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

புழுக்கமாக இருக்கிறது என்று ஜாக்கெட்டைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார். என் கன்னத்தைத் தொட்டார். அங்கிருந்துதான் மலைக்குப் போயிருக்கிறார். வண்டி பள்ளத்தில் பாய்ந்த அந்த வளைவில் பிரேக் போட்ட தடம் இல்லை என்கிறார் ஷெரிஃப். மேட்டு வீட்டுக்காரர் ஒருவர், கீழேயிருந்து ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார். கல்யாண வண்டி என்று நினைத்தாராம்.

உங்கள் தங்கையை நான் கொன்றேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். இப்போதெல்லாம் தூங்கப் போனால் எனக்கு அந்த ஹாரன்தான் கேட்கிறது. நான் அவரை என் சொந்தம் மாதிரி நினைத்தேன், நீங்கள் நம்பவேண்டும். அழுங்கள், நான் காத்திருக்கிறேன்.

ஜாக்கெட் இதோ. ஒன்றே ஒன்று மட்டும். அவர் வீணாகப் போய்விடக்கூடாது, ஓபல். அந்த மருத்துவமனை திறக்க வேண்டும். சற்றுமுன் வாசலில் நின்று, 'அவ ஏன் வண்டியத் திருப்பல' என்று கேட்டீர்களே, நடுவில் குரல் உடைந்து நின்று, பிறகு வந்ததே. இலையுதிர் காலத்துக் கூட்டங்களில் அதை அப்படியே ஒருமுறை கேட்டால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லித் தருகிறேன்.